காதில் புது வெட்டு

லஹி: எதுக்குப்பா உன் நல்ல போர்வையக் கொண்டுபோய் அவன் மேல போத்துன?

ரெபாஹு: ஈ மொய்க்குதுடா.

லஹி: மொய்க்கட்டுமே. மாட்டுத் திருடன்தான. ‘நான் செத்தா இதத்தான் எனக்குச் சுத்தணும், அதுவரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது’ன்னு பெட்டியில பூட்டி வச்சிருந்த. போன குளிருக்கு அம்மா நடுங்கிக்கிட்டுக் கேட்டப்பக்கூடத் தரல.

ரெபாஹு: கையில இருந்தது அதுதான்.

லஹி: அதத்தான் கேக்கறேன். இன்னைக்குக் காலையில அது எப்படி உன் கைக்கு வந்துச்சு? சந்தைக்குப் போறேன்னுதான சொல்லிட்டுக் கிளம்புன...

ரெபாஹு: சந்தைக்கு நல்ல துணி போத்திட்டுப் போகக் கூடாதா?

லஹி: போலாம், போலாம். புகையிலை வாங்கப் போற கிழவன் மாப்பிள்ளைக் கோலத்துல போனா யாரு வேணாங்கறா?

ரெபாஹு: லஹி... கொஞ்சம் பேசாம இரு.

லஹி: பேசாம இருந்தா அவனத்தான்ப்பா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதான் பேசறேன். கால் வெளிய தெரியுது பாரு. போர்வை பத்தல. நல்ல ஒசரம்.

ரெபாஹு: இழுத்து விடு.

லஹி: நான் தொட மாட்டேன்.

ரெபாஹு: சரி, நகரு. நான் விடறேன்... மத்தவங்கல்லாம் எங்கடா?

லஹி: ஓடையில கை கழுவப் போனாங்க. போனவங்க போனவங்கதான். எல்லாரும் அந்தச் சரிவுல உக்காந்திருக்காங்க. ஒருத்தன்கூட இந்தப் பக்கம் திரும்பல. ஊர்க் கட்டுப்படி ரெண்டு பேரு பொணத்துக்கும் மாட்டுக்கும் காவல் இருக்கணும்னாங்க. ‘நானிருக்கேன்’னு நீ சொன்ன. அப்புறம் நான் எப்படிப் போறது?

ரெபாஹு: எத்தன பேருடா அடிச்சீங்க?

லஹி: எண்ணலப்பா. மூணு ஊர்க்காரங்க... நாப்பது பேரு இருக்கும். ஈட்டி வச்சிருந்தவன் குத்துனான். இல்லாதவன் கல்லெடுத்தான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள... நான் இவ்வளவு வேகமா முடியும்னு நெனைக்கலப்பா.

ரெபாஹு: நீ?

லஹி: என்ன நீ?

ரெபாஹு: நீ என்ன பண்ணுன?

லஹி: என் ஈட்டி அந்தா சாஞ்சிருக்கு. நல்லாப் பாரு. சுத்தமா இருக்கு.

ரெபாஹு: கழுவிட்டயா?

லஹி: கழுவலப்பா! சத்தியமா. ஓங்குனேன். ஓங்குன கை அப்படியே நின்னுருச்சு.

ரெபாஹு: ஏன்?

லஹி: தெரியல. நின்னுருச்சு. விடேன்.

ரெபாஹு: தண்ணி இருக்கா?

லஹி: இந்தா, சுரைக்குடுக்கையில கொஞ்சம் இருக்கு... மெதுவா. ஏன் இப்படி அவசரமாக் குடிக்கிற? மேலெல்லாம் ஊத்திக்கிட்டு.

ரெபாஹு: ஓடி வந்தேன்ல.

லஹி: அதுதான் எனக்கு ஆச்சரியம். முட்டி வலின்னு ஒரு வருஷமா மந்தைப் பக்கமே எட்டிப் பாக்காத ஆளு, ஊரக் கூட்டற சங்குச் சத்தம் கேட்டதும் என்ன ஓட்டம்! மேட்டுலருந்து பாத்தேன். தொப்பி ஒரு பக்கம் பறக்குது, செருப்பு ஒரு பக்கம் கெடக்கு...

ரெபாஹு: ஓடி என்னடா பண்ண? வந்து சேர்றதுக்குள்ள முடிச்சுட்டீங்களே.

லஹி: ‘நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா’ன்னு கத்திக்கிட்டே வந்தயாமே.

ரெபாஹு: ஒருத்தன் காதுலயும் விழல.

லஹி: நீ எதுக்குக் கத்துன?

ரெபாஹு: மனுசன்டா அவன்.

லஹி: அட! போன வருஷம் பத்து ஊரும் இதே புளியமரத்தடியில கூடிக் கட்டு போட்டப்ப நீ இப்படிச் சொல்லலையே. திருடனுங்க சித்தப்பாவச் சுட்டுப் போட்டுட்டு நாப்பது மாட்ட ஓட்டிக்கிட்டுப் போன ஆத்திரத்துல நீதான மொதல்ல எந்திரிச்ச? ‘போலீசு பிடிச்சா ஒரு வாரத்துல வெளிய வந்துருவான். நம்ம பிடிச்சா நம்மளே முடிச்சுரணும்’னு.

ரெபாஹு: சொன்னேன்.

லஹி: ‘பிடிச்சவனப் பேச மட்டும் விட்ராதீங்க. பேச விட்டா மாமன் பேரச் சொல்லுவான், மச்சான் பேரச் சொல்லுவான், உங்க மனசு எளகிரும்’னு...

ரெபாஹு: சொன்னேன்டா! நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

லஹி: பத்து ஊரும் கை தட்டுச்சு. நானும் தட்டுனேன். எங்க அப்பன் பேசறாருன்னு எனக்கு அவ்வளவு பெருமை.

ரெபாஹு: போதும்.

லஹி: ஆனா ஒருத்தனும் அதச் செய்யலையேப்பா. கட்டு போட்டு ஒரு வருஷமாச்சு. போன அறுவடையில பிடிச்சவனக்கூட மரத்துல கட்டித்தான வச்சோம்? நாலு அறை, அவ்வளவுதான். அவன் மாமன் வந்து கும்புட்டு விழுந்து அவுத்துக்கிட்டுப் போனான். இன்னைக்கும் அப்படித்தான்னு... நான்...

ரெபாஹு: நீ?

லஹி: எல்லாரும் அப்படித்தான நெனச்சிருப்போம். அதச் சொல்ல வந்தேன்.

ரெபாஹு: பேசினானா?

லஹி: யாரு?

ரெபாஹு: இவன். ஏதாவது சொன்னானா?

லஹி: ஒண்ணும் சொல்லல.

ரெபாஹு: ஒண்ணுமேயா?

லஹி: நாப்பது பேரு கத்தறப்ப என்ன கேக்கும்?

ரெபாஹு: மொதல்ல சங்கு ஊதுனது யாரு?

லஹி: ...எனக்கென்ன தெரியும்? கெழக்கால கேட்டுச்சு. ஓடுனேன்.

ரெபாஹு: எனக்கு நம்ம மேட்டுலருந்து கேட்ட மாதிரி இருந்துச்சு.

லஹி: உனக்குத்தான் ஒரு காது மந்தமாச்சே.

ரெபாஹு: கேட்டதும் போட்டது போட்டபடி ஓடியாந்தேன்டா.

லஹி: ஏன்? இங்க இருக்கிற நம்ம மாடெல்லாம் பட்டியிலதான நிக்குது? நீ எதுக்கு ஓடியாரணும்?... பாரு, பாரு, இந்தச் செவலையப் பாரு. மறுபடி உன்கிட்டத்தான் வருது. அத்தன பேரு இருந்தப்பவும் உன்னத் தேடித்தான் வந்துச்சு. கைய நக்குது பாரேன்! உன்னத் தெரிஞ்ச மாதிரி.

ரெபாஹு: வேர்வைடா. உப்புக்கு வருது.

லஹி: எனக்கும்தான் வேர்க்குது. என்னய முட்ட வருது.

ரெபாஹு: ஹோ... ஹோ... நில்லு. அந்தப் பக்கம் போ, சாமி.

லஹி: சாமியா? திருட்டு மாடு உனக்குச் சாமியா?

ரெபாஹு: மாடு என்னடா திருடுச்சு?

லஹி: அதுவும் சரிதான். அது பாவம், இழுத்த பக்கம் வந்துருக்கு. காதப் பாத்தயா? இடது காது பாதி இல்ல. அத வச்சுத்தான் ‘திருடன்’னு முடிவு பண்ணுனாங்க. மாட்டுக்காரன் காதுல வெட்டி வச்ச பழைய அடையாளத்த அழிக்கத்தான இப்படி ஒட்ட வெட்டுவானுங்க. ‘காது புதுசா வெட்டியிருக்கு’ன்னு ஒருத்தன் கத்துனான். அவ்வளவுதான், அதுக்கப்புறம் யாரு என்ன கேக்கறா?

ரெபாஹு: யாரு கத்துனது?

லஹி: எவனோ... அப்பா, உன்ன ஒண்ணு கேக்கவா?

ரெபாஹு: கேளு.

லஹி: நீயே அம்மாவக் கட்டறதுக்கு மாடு திருடுனவன்தான? தாத்தா சொல்லிச் சிரிப்பாரே. ‘ஒரு மாடு திருடக் கையாலாகாத பயலுக்குப் பொண்ணு கெடையாது’ன்னு மாமனாரு சொன்னாருன்னு, ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் ஓட்டிக்கிட்டு வந்தயாமே.

ரெபாஹு: நம்ம பாரா சனத்துல எவன்டா திருடாமக் கட்டுனான்? அப்ப ஒரு மாடு போகும். துரத்துவாங்க. பிடிச்சா ரெண்டு ஈட்டிக் காயம், ஒரு சிரிப்பு. துப்பாக்கி எடுத்துக்கிட்டு வந்து மந்தையோட அடிச்சுக்கிட்டுப் போறதெல்லாம் இப்ப வந்தது.

லஹி: அந்தக் கணக்குல பாத்தா, இவனும் ஒரே ஒரு மாடுதான ஓட்டிக்கிட்டு வந்தான்? அதுவும் வெயில் ஏறுன நேரத்துல. நடு வழியில. பாட்டுப் பாடிக்கிட்டு.

ரெபாஹு: பாடுனானா?

லஹி: ம்.

ரெபாஹு: ஒண்ணும் கேக்கலன்னயே?

லஹி: அது... அதுக்கு முன்னாடி. ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி.

ரெபாஹு: ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நீ எங்கடா இருந்த?

லஹி: அந்தா, சிவூகா மச்சான் வந்துட்டான். நோட்டோட வர்றான்.

ரெபாஹு: லஹி...

லஹி: அப்புறம் பேசிக்கலாம்ப்பா. மூஞ்சியத் தொடச்சுக்க. அழுத மாதிரி இருக்கு.

சிவூகா: என்ன மாமா, நீங்களா காவல்? வயசான காலத்துல உங்களுக்கெதுக்கு இந்த வேல?

ரெபாஹு: வா, சிவூகா.

சிவூகா: ஐயோ... முழுசா மூடிட்டீங்களா? நல்லதாப் போச்சு. நான் பாக்கல. கட்டுக்குச் செயலாளரு ஆகறப்ப எழுதுற வேலைன்னுதான் சொன்னாங்க. இதெல்லாம் சொல்லல.

லஹி: சீக்கிரம் எழுதி முடி மச்சான்.

சிவூகா: முடிக்கணும். பொழுது சாயறதுக்குள்ள டவுன்லருந்து போலீசு வந்துரும். மாட்ட இப்படிப் பிடி லஹி... எலே, முட்டுதுடா!

லஹி: அப்பாகிட்ட விடு. அவரு பேச்சத்தான் கேக்குது.

சிவூகா: பிடிங்க மாமா... ம். வலது காது சும்மா இருக்கு. இடது காது பாதிக்கு மேல போயிருச்சு. வெட்டு நாலஞ்சு நாள் இருக்கும். சாம்பல் இன்னும் ஒட்டியிருக்கு. பழைய அடையாளம் என்னன்னு சுத்தமாத் தெரியல. ஆனா...

லஹி: ஆனா என்ன?

சிவூகா: எத்தனையோ திருட்டுக் காது பாத்துட்டேன். அவனுங்க அவசரத்துல கிழிப்பானுங்க, சீழ் பிடிச்சு நாறும். இது ஒரே வெட்டு. நேரா இருக்கு. சாம்பல் அப்பி, எண்ணெய் வச்சு... வலிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் பண்ணுன மாதிரி.

ரெபாஹு: அதையும் எழுதப் போறயா?

சிவூகா: அத எங்க எழுதறது? மாமா, எனக்கு வேற தலைவலி. பத்து ஊருக்கும் ஆள் அனுப்பிட்டேன். ஒரு ஊர்லயும் மாடு காணாமப் போகல.

லஹி: நல்லா விசாரிச்சயா?

சிவூகா: பட்டி பட்டியா எண்ணியாச்சு. ஒண்ணுகூடக் கொறையல. மாட்டுக்காரனே இல்லாம திருட்டு எப்படி? போலீசு வந்து ‘யாரு மாடு’ன்னு கேட்டா நான் யாரக் காட்டறது? ஆளில்லன்னா இது கட்டு இல்ல மாமா, கொலை. நாப்பது பேரு. என் தம்பியும் அதுல இருக்கான்.

ரெபாஹு: ம்.

சிவூகா: யாராவது ஒருத்தரு ‘இது என் மாடு, திருடு போச்சு’ன்னு சொல்லிட்டாப் போதும். முடிஞ்சுது. திருடன விழுந்த எடத்துலயே குழி தோண்டிப் போட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போகலாம். அதான் உங்ககிட்ட...

ரெபாஹு: என்கிட்ட?

சிவூகா: உங்ககிட்டத்தான் நெறைய மாடு இருக்கு. பாதி மேட்டுக் காட்டுல சிநேகிதங்க மந்தையில நிக்குது. நீங்க சொன்னா ஒருத்தனும் மறுவார்த்தை கேக்க மாட்டான்.

லஹி: சொல்லிருப்பா.

ரெபாஹு: என்னத்தச் சொல்ல?

லஹி: நம்ம மாடுன்னு சொல்லு. அதுலென்ன?

ரெபாஹு: சொன்னா இவன் திருடனா ஆயிருவான்.

லஹி: ஏற்கெனவே ஆயிட்டான்ப்பா. இனிமே ஆறதுக்கு என்ன இருக்கு?

ரெபாஹு: வழியோரத்துல புதைப்பீங்க. பெத்தவ வந்து கேட்டாலும் தரக் கூடாது. மலைக் குகையில மூதாதைங்க பக்கத்துல எடம் கெடையாது. ஒரு மாடு அறுத்து ஒரு வாய் சோறு போட மாட்டாங்க. அதான கட்டு?

சிவூகா: கட்டு போட்டதே நீங்கதான மாமா...

ரெபாஹு: ஆமா. நான்தான். அதையே எத்தன தடவைடா சொல்லுவீங்க!

சிவூகா: கோவிக்காதீங்க. நானும் காலையிலருந்து ஒண்ணும் திங்கல, என்ன பேசறேன்னே தெரியல. இதுல ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஒரு கூத்து.

லஹி: என்ன கூத்து?

சிவூகா: இவன் யாருன்னு விசாரிக்க ஆளு போனானா... அங்க சுவாரீனான்னு ஒரு பொம்பள. நம்ம வயசுல ஒரு மகன். அப்பன் யாருன்னு இதுவரைக்கும் வாயத் தொறந்ததில்ல. அவன் மாட்டுக்குப் போட அப்பன் வழி வர்ற ஒரு காது அடையாளம்கூடக் கெடையாது, ‘காதில்லாதவன்’னுதான் கூப்புடுவாங்களாம். அந்தம்மா நேத்துலருந்து வாசல் கூட்டி, புதுப் பாய் விரிச்சு, ஒரு அண்டா சோறு வடிச்சு, சாராயம் வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காம்.

லஹி: எதுக்கு?

சிவூகா: ‘இன்னைக்கு என் மகனுக்கு அப்பன் மாடு ஓட்டிக்கிட்டு வர்றாரு’ன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கா. அப்பன்காரன் தன் கையால மாட்ட ஓட்டிக்கிட்டு வந்து, பொம்பள வாசல்ல அறுத்தாத்தான புள்ள அவன் புள்ள? இருபத்தெட்டு வருஷம் கழிச்சு எவன் வரப் போறான்னு பக்கத்து வீட்டுக்காரிக சிரிக்கிறாளுக. அவ பாட்டுக்கு வழியப் பாத்துக்கிட்டு... மாமா? மாமா! என்ன பண்ணுது? லஹி, பிடிடா அவர!

லஹி: விடு, விழல. உக்காருறாரு.

சிவூகா: தண்ணி கொண்டா...

ரெபாஹு: தண்ணி வேணாம். பாய் புதுசா?

சிவூகா: என்னது?

ரெபாஹு: பாய் புதுசுன்னு சொன்னயே.

சிவூகா: ஆமா, அப்படித்தான் சொன்னான். இப்ப அதுவா முக்கியம்?

ரெபாஹு: நோட்ட எடு.

சிவூகா: எதுக்கு?

ரெபாஹு: எழுது. மாடு ரெபாஹுவோடது.

சிவூகா: அப்பாடா! மாமா, நீங்க நாப்பது குடும்பத்த...

ரெபாஹு: எழுதுறா. மூணு வருஷமா மேட்டுக் காட்டுல, என் சிநேகிதன் மந்தையில நின்ன செவல. எழுதிட்டயா?

சிவூகா: எழுதறேன்... செவல. சரி. எப்ப திருடு போச்சு?

ரெபாஹு: திருடு போகல.

லஹி: அப்பா.

ரெபாஹு: நான் குடுத்தேன்.

சிவூகா: யாருக்கு?

ரெபாஹு: இவனுக்கு. மியாந்த்ரி இவன் பேரு. அதையும் எழுது. சுவாரீனா மகன். என் மகன்.

சிவூகா: மாமா, அதிர்ச்சியில என்னமோ பேசறீங்க...

ரெபாஹு: காத வெட்டுனதும் நான்தான். ஓடைக்கரையில. என் அடையாளத்தோட மாடு ஆத்தத் தாண்டுனா, ‘ரெபாஹு மாடு இவகிட்ட எதுக்குப் போகுது’ன்னு நாலு பேரு கேப்பான், வீட்டுல தெரிஞ்சுரும்னு... நான்தான் அழிச்சேன். அழிக்காம இருந்தா அந்தக் காதே சொல்லியிருக்கும். ஒருத்தனும் கல்லெடுத்திருக்க மாட்டான்.

சிவூகா: கடவுளே...

ரெபாஹு: நான் முன்னால நடந்து ஓட்டிக்கிட்டுப் போயிருக்கணும். அதான் மொறை. ‘நீ முன்னால ஓட்டிக்கிட்டுப் போடா, நான் வேற வழியில வந்து ஆத்தங்கரையில சேந்துக்கறேன். அங்கருந்து நான் ஓட்டிக்கிட்டு வர்றேன்’னேன். ரெண்டு பேரையும் சேத்து யாரும் பாத்துரக் கூடாதுல்ல. ‘சரிப்பா’ன்னான். என்ன சொன்னாலும் ‘சரிப்பா’தான்.

சிவூகா: அப்ப இந்தப் போர்வை...

ரெபாஹு: அவ வாசலுக்குப் போத்திட்டுப் போகலாம்னு எடுத்தேன்.

சிவூகா: இத நான் எழுத மாட்டேன். மாமா, இத எழுதுனா நாப்பது பேரும் உள்ள போயிருவான்.

ரெபாஹு: பேச விடாதீங்கன்னு சொன்னவன் நான். என்னயும் எழுது. இவன நான் தூக்கிக்கிட்டுப் போகணும். அந்த மாட்ட அவ வாசல்ல அறுக்கணும். அப்புறம் எங்க அப்பன் கெடக்குற குகையில இவன வைக்கணும். திருடன்னு எழுதுனா முடியாது. அதனால எழுது.

சிவூகா: லஹி, நீயாவது சொல்லேன்டா! என்ன மரம் மாதிரி நிக்கிற?... இரு. எனக்கு ஒண்ணு புரியல. மாடே திருடு போகல. ஒருத்தனும் தேடல. அப்புறம் எவன் பாத்துச் சங்கு ஊதுனான்? மூணு ஊர்க்காரனும் உங்க மேட்டுலருந்துதான் கேட்டுச்சுங்கறான். ‘காது வெட்டியிருக்கு’ன்னு தூரத்துலருந்தே கத்துனானாம். அவ்வளவு தூரத்துலருந்து காது எப்படித் தெரியும்? ஏற்கெனவே தெரிஞ்சவனாத்தான இருக்கணும்?

ரெபாஹு: அத விடு, சிவூகா.

சிவூகா: எப்படி விடறது? அவன்தான மாமா இத்தனைக்கும்...

ரெபாஹு: விடுடான்னு சொல்றேன்! இருக்கிற ஒருத்தனையாவது எனக்கு விடு.

லஹி: வேணாம்ப்பா. மூடாத. காலையிலருந்து மூடுனது போதும்.

ரெபாஹு: லஹி, வாயத் தொறக்காத.

லஹி: அவன் பேசினான்ப்பா. ஒண்ணும் பேசலன்னு நான் சொன்னது பொய். நான் ஈட்டிய ஓங்குனப்ப என் மூஞ்சியப் பாத்து ‘அண்ணே’ன்னான். திட்டல, ஒண்ணும் இல்ல. எனக்கு எல்லாம் தெரியும், நான் காப்பாத்தத்தான் வந்துருக்கேன்னு நெனச்சுக்கிட்டு ‘அண்ணே’ன்னான். அதுக்குள்ள பின்னாலருந்து கல்லு வந்துருச்சு.

ரெபாஹு: உன்ன எப்படி அவனுக்கு...

லஹி: நீதான சொல்லிக் குடுத்த? அன்னைக்கு ஓடைக்கரையில அவன் கயித்தப் பிடிச்சிருந்தான், நீ காத வெட்டுன. ‘மேட்டுல மாடு மேய்க்கறானே, ஒசரமா, அவன்தான் உன் அண்ணன். அவன்கிட்ட நானே சொல்றேன்’ன. உன்னத் தேடி வந்தவன், பாறைக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டேன்.

ரெபாஹு: அன்னைக்கேவா...

சிவூகா: அப்ப சங்கு ஊதுனது நீயாடா?

லஹி: நான்தான் மச்சான், எழுதிக்க. கட்டிப் போடுவாங்க, அப்பா ஓடி வந்து எல்லாரு முன்னாடியும் ‘இவன் என் மகன்’னு சொல்லித்தான் அவுக்கணும், அத என் காதால கேக்கணும்னுதான் ஊதுனேன்... நாலு நாளா உன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ப்பா, இப்பச் சொல்லுவ, இப்பச் சொல்லுவன்னு. இன்னைக்குக் காலையில பெட்டியத் தொறந்து இந்தப் போர்வைய எடுத்தப்பக்கூட, ‘எங்கப்பா போற?’ன்னு நானா வாயத் தொறந்து கேட்டேன். சந்தைக்குன்ன.